விளக்கெண்ணெய்ச் சங்கும் என் தம்பியின் வயிறும்

வயதானவர்கள் வெட்கப்படாமல் பேசிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டென்றால் அது மலச்சிக்கல்தான். காலையில் செக்காலைப் பக்கம் நடக்கப் போனால், எதிரே வரும் ஓய்வூதியர்கள் நால்வரில் மூவர் அதைத்தான் பேசிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் கடுக்காய்ப் பொடி என்கிறார், இன்னொருவர் இசப்கோல் என்கிறார், மூன்றாமவர் பப்பாளி என்கிறார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் இன்று எழுதப்போவது நம்மைப் பற்றியல்ல, வாய் திறந்து சொல்ல முடியாத பிள்ளைகளைப் பற்றி. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் 1949-ல் காரைக்குடியில் பிறந்தவன். முத்துப்பட்டணத்தில் எங்கள் வீடு. பெரிய வீட்டில் எங்கள் பங்குக்கு வந்தது இரண்டாம் கட்டில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியும். அப்பச்சி பர்மாவில் கிட்டங்கியில் வேலை பார்த்து, 1942-ல் சண்டை வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். அப்பத்தாதான் வீட்டுக்கு வைத்தியர்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கெல்லாம் விளக்கெண்ணெய் நாள். விடியுமுன்னே எழுப்பி, வெறும் வயிற்றில் ஆளுக்கு ஒரு கரண்டி. அதற்கு மேலே பால் சேர்க்காத கருப்பட்டிக் காப்பி. ஓடி ஒளிந்தாலும் விடமாட்டார்கள். அன்று முழுக்கக் கொல்லைக்கும் வளவுக்குமாக நடைதான். மத்தியானம் குழைந்த சோறு, பூண்டு ரசம், பருப்புத் துவையல். சாயங்காலம் எல்லோரும் துவண்டு கிடப்போம். "வயிறு சுத்தமானா வியாதி வராதுப்பா" என்பார்கள் அப்பத்தா. என் வயதுக்காரர்கள் இதைப் படிக்கும்போதே நாக்கில் அந்த வழவழப்பு வந்திருக்கும்.

இது அப்பத்தா கண்டுபிடித்ததல்ல. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியில், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்திக்கும் மருந்து சாப்பிடும்படி சொல்லியிருக்கிறது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்பது எங்கள் வீட்டில் எப்படியோ மாதம் ஒருமுறையாகிவிட்டது!

ஆமணக்கை நம் பக்கம் கொட்டைமுத்து என்போம். கொட்டைமுத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை அகப்பையால் வழித்து மறுபடி காய்ச்சி வைப்பார்கள். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். காய்ச்சும் சூட்டில் மிச்சமும் கெட்டுப்போகும். இந்த வேதியியல் தெரியாமலேயே நம் பாட்டிமார் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

உலகத்திலும் இது பழைய மருந்துதான். கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் எபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவ ஏட்டிலேயே ஆமணக்கு இருக்கிறது. 1920-களில் இத்தாலியில் முசோலினியின் கருஞ்சட்டைப் படையினர், எதிராளிகளைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெயை ஊற்றி அவமானப்படுத்தினார்கள். மருந்து ஒன்றுதான், கொடுக்கிற கை வேறு. அது குடலை எப்படிக் கிளப்பிவிடுகிறது என்பது மட்டும் வெகுநாள் சரியாகத் தெரியாமல் இருந்தது. எண்ணெயிலிருந்து பிரியும் ரிசினோலியிக் அமிலம் குடல் தசையில் எந்த வாங்கியைத் தொட்டு முடுக்குகிறது என்பதை 2012-ல்தான் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள்.

மகாத்மா காந்திக்கும் மலச்சிக்கல் இருந்தது. சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது பழ உப்புக் கரைசல் குடித்துப் பார்த்து, பிறகு வயிற்றில் ஈரமண் கட்டுப் போட ஆரம்பித்தாராம். 1927-ல் அவர் நம் செட்டிநாட்டுக்கு வந்தபோது பார்த்ததை அப்பத்தா கதை கதையாகச் சொல்வார்கள். மண் கட்டு விஷயம் தெரிந்திருந்தால் எங்களுக்கு அதுவும் நடந்திருக்கும்.

இனி என் தம்பியைப் பற்றி.

அவன் 1954-ல் பிறந்தான். வீட்டிலேயே பிரசவம். இரண்டு நாள் வலி. பிறந்ததும் அழவில்லை, நீலமாகக் கிடந்தான் என்பார்கள். மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டித்தான் அழுகை வந்ததாம். ஒரு வயதாகியும் தலை நிற்கவில்லை. கைகால் விறைத்துக்கொள்ளும். கத்தரிக்கோல் மாதிரி கால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஊரார் எல்லோரும் இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அந்தக் காலத்தில் கால் விளங்காத பிள்ளை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான்.

இளம்பிள்ளை வாதம் என்பது போலியோ. கிருமியால் வருவது, காலைத் துவளச் செய்வது. என் தம்பிக்கு இருந்தது அதுவல்ல, மூளை முடக்குவாதம். பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச நாளிலோ மூளையில் ஏற்படும் சேதத்தால் தசைகள் சொன்னபடி கேட்காமல் போவது. இதை முதலில் விரிவாக எழுதியவர் லண்டன் டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில். கடினமான பிரசவம், குறைமாதம், மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி 1861-ல் லண்டன் மகப்பேறு சங்கத்தில் கட்டுரை வாசித்தார். வெகுகாலம் இந்த நோய்க்கே லிட்டில் நோய் என்று பெயர். 1889-ல் வில்லியம் ஆஸ்லர் ஒரு புத்தகம் எழுதினார். 1897-ல் இன்னொருவர் பெரிய புத்தகம் எழுதினார், சிக்மண்ட் ஃபிராய்டு. ஆமாம், கனவுகளுக்குப் பொருள் சொன்ன அதே ஃபிராய்டுதான். கடினப் பிரசவம் எப்போதும் காரணமாக இராது, சில பிள்ளைகளுக்குக் கருவிலேயே ஏற்பட்ட கோளாறின் விளைவாகத்தான் பிரசவமே கடினமாகியிருக்கலாம் என்றார் அவர். இதை நான் படித்தபோது ஆத்தாவின் ஞாபகம்தான் வந்தது. "நான் சரியா முக்கலையோ" என்று கடைசி வரை தன்னையே நொந்துகொண்டிருந்தவர் அவர்.

தம்பி பேசமாட்டான். ஆனால் எல்லாம் புரியும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து முகப்பில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே உள்ளே சிரிப்புச் சத்தம் வரும்.

அவனுக்குப் பெரிய தொல்லை வயிறுதான். ஐந்து நாள், ஆறு நாள் போகமாட்டான். வயிறு கல் மாதிரி இருக்கும். சாப்பிடமாட்டான், விறைப்பு அதிகமாகும், ராத்திரி பூராவும் அழுவான். எங்களுக்கு மாதம் ஒருமுறை என்றால் அவனுக்கு வாரம் ஒருமுறை. ஆத்தா மடியில் மல்லாத்திப் படுக்கவைப்பார். அப்பத்தா மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சுக்காக வாயைத் திறந்தே ஆகவேண்டும், அப்போது சங்கால் விளக்கெண்ணெயை ஊற்றுவார்கள். காலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சில நாள் இருமிப் புரையேறும். சில நாள் இருமவே மாட்டான். இருமாத நாளில் "இன்னைக்குத் தங்கமா முழுங்கிட்டான்" என்று அப்பத்தா கன்னத்தை வழித்து முத்தம் கொடுப்பார்கள்.

அவனுக்கு அடிக்கடி சளி கட்டும், காய்ச்சல் வரும். 1961 மார்கழியில் அப்படி வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. நெஞ்சுச் சளி என்றார் டாக்டர். நான்காம் நாள் போய்விட்டான். ஏழு வயது.

இதற்குப் பிறகு ஐம்பத்தைந்து வருடம் நான் இதைப் பற்றி யோசிக்கவில்லை. படித்தேன், வங்கியில் சேர்ந்தேன், ஊர் ஊராக மாற்றலானேன், 2009-ல் ஓய்வு பெற்று மறுபடி காரைக்குடிக்கே வந்தேன்.

2016-ல் பக்கத்து வீட்டுப் பேத்தியை மதுரைக்கு ஒரு குழந்தை மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். நான்கு வயது, மூளை முடக்குவாதம். அந்தப் பெண்ணின் அப்பா துபாயில். துணைக்கு ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டார்கள். பிள்ளைக்குப் பத்து நாளாக வயிற்றுப்போக்கு என்று வீட்டில் போக்கை நிறுத்தும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இது வயிற்றுப்போக்கு இல்லைம்மா, மலச்சிக்கல்" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. குடலின் கடைசியில் மலம் கட்டியாக அடைத்துக்கொண்டிருக்கிறது, அதன் ஓரமாக நீராக இருப்பது மட்டும் கசிந்து வருகிறது, அதைத்தான் பேதி என்று நினைத்திருக்கிறீர்கள் என்று படம் வரைந்து காட்டினார்.

அப்புறம் கேட்டார்: "வீட்டுல விளக்கெண்ணெய், லிக்விட் பாரஃபின் மாதிரி எண்ணெய் எதாவது குடுக்கறீங்களா?"

"அப்பப்ப விளக்கெண்ணெய் குடுப்போம் டாக்டர்" என்றது அந்தப் பெண்.

"இனிமே கூடாது. இந்தப் பிள்ளைக்கு விழுங்கறது சரியில்லை. எண்ணெய் வழவழப்பா இருக்கறதால இருமலைக்கூடக் கிளப்பாம மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிடும். நுரையீரல்ல தங்கி நிமோனியா ஆயிடும்."

நான் எழுந்து வெளியே வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டேன். இருமாத நாளில் கன்னத்தை வழித்துக் கொஞ்சிய அப்பத்தாவின் கை என் கண்ணில் நின்றது. காலைப் பிடித்திருந்தது நான்.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆவதை 1925-லேயே கனடாவின் டொரான்டோவில் லாஃப்லென் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். மூக்கில் எண்ணெய் விட்டுக்கொண்டவர்களின் நுரையீரலில் எண்ணெய்த் துளிகள் இருந்தன. 1973-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தென்னிந்தியக் கைக்குழந்தைகளிடமும் சிறுவர்களிடமும் கண்ட எண்ணெய் நிமோனியாவைப் பற்றியே ஒரு கட்டுரை வந்தது. அதாவது, நம் வீட்டுச் சங்கும் பாலாடையும் மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த சங்கதியாகிவிட்டது. எங்கள் வளவுக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

என் தம்பி எண்ணெயால்தான் போனான் என்று நான் சொல்லவில்லை. அதை இனி யாராலும் சொல்ல முடியாது. அவனுக்குக் கஞ்சியும் பாலும்கூடப் புரையேறத்தான் செய்யும். படுக்கவைத்தே ஊட்டினோம், அதுவும் தவறுதான். அன்றைக்கு எந்த டாக்டரும் எங்களிடம் இதைச் சொன்னதில்லை. மனதாரச் செய்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆத்தா 1998-லேயே போய்விட்டார். இதை அவரிடம் சொல்ல நேராமல் போனது ஒரு வகையில் நல்லது.

இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு மலச்சிக்கல்? பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது உண்டு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் ஒன்றல்ல. குடலை அசைக்கவும் ஆசனவாயை இறுக்கவும் தளர்த்தவும் மூளையிலிருந்து போகும் கட்டளை சரியாகப் போவதில்லை. ஓடியாடாமல் படுத்தே இருப்பதால் குடலும் மந்தமாகிறது. விழுங்கச் சிரமம் என்பதால் தண்ணீரும் நார்ச்சத்தும் உள்ளே போவது குறைவு. வலிப்புக்கு, தசை விறைப்புக்கு, எச்சில் வடிவதற்குக் கொடுக்கும் மருந்துகளில் சில மலத்தை இறுக்கும். ஒருமுறை வலித்துவிட்டால் பிள்ளை பயந்து அடக்கிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வயிறு வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வாயில்லை. காரணமில்லாமல் அழுவது, சாப்பாட்டைத் தள்ளுவது, வாந்தி, விறைப்பு கூடுவது இவைதான் அதன் பாஷை. தம்பி வாரா வாரம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மருந்துகளின் கதையும் சுவையானது. நம் திருநெல்வேலிச் சீமையில் விளையும் நிலாவாரை, 19-ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி துறைமுகம் வழியாக லண்டனுக்குக் கப்பலேறியது. அங்கே மருந்து நூல்களில் அதற்குப் பெயரே டின்னவேலி சென்னா! இன்றைக்கும் டாக்டர் எழுதித் தரும் சென்னா மாத்திரை அந்த இலையின் சத்துதான். 1959-ல் ஆஸ்திரியாவில் லாக்டுலோஸ் என்ற இனிப்புப் பாகை மலச்சிக்கலுக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார்கள். உடம்பு அதைச் செரிக்காது. பெருங்குடல் வரை போய் அங்கே நீரை இழுத்து மலத்தை இளக்கும். அதற்குப் பின் வந்தது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடி. தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, அந்தத் தண்ணீரை மலத்தோடு பிடித்துவைத்துக்கொள்ளும். தினமும் எடுக்கும் மலமிளக்கியாக அமெரிக்காவில் 1999-ல்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. தம்பி போய் முப்பத்தெட்டு வருடம் கழித்து.

பக்கத்து வீட்டுப் பேத்திக்கு நடந்த வைத்தியத்தைச் சொல்கிறேன். முதல் வேலை அடைப்பை எடுப்பது. அந்தப் பொடியைப் பிள்ளையின் எடைக்கு டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். சில நாளில் உள்ளே இருந்ததெல்லாம் வெளியேறியது. கசிவும் தானாக நின்றது. இரண்டாவது வேலைதான் கஷ்டமானது: தினமும் குறைந்த அளவில் அதே மருந்து, மாதக்கணக்கில். வயிறு சரியானதும் நிறுத்திவிட்டால் பழையபடி அடைத்துக்கொள்ளும். விரிந்துபோன குடல் பழைய நிலைக்குத் திரும்ப நாளாகும். "பழகிடுமோ" என்று அந்த வீட்டு ஆச்சி பயந்தார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நாம் தினமும் மாத்திரை போடவில்லையா என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

மருந்து பாதி, பழக்கம் பாதி. காலைச் சாப்பாடு முடிந்து அரைமணிக்குள் உட்காரவைக்க வேண்டும். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பயத்திலேயே உடம்பு விறைத்துவிடும். இதற்கு நம்மூர் ஆசாரி ஒருவர் கைகொடுத்தார். நடுவில் ஓட்டை வைத்து, முதுகுக்கும் பக்கத்துக்கும் சாய்மானம், முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கட்டை, காலை ஊன்ற ஒரு பலகை என்று பழைய தேக்குச் சட்டத்திலேயே நாற்காலி செய்து கொடுத்தார். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். அதாவது நாம் குத்தவைத்து உட்காருகிற அதே வாகு.

ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, அவசரப்படாமல் ஊட்டுவது. வெறும் தண்ணீர் புரையேறினால் மருத்துவர் சொன்ன பக்குவத்தில் கெட்டியாக்கி, கரண்டி கரண்டியாக நாள் முழுக்கக் கொடுப்பது. மசித்த பப்பாளி, வேகவைத்துக் குழைத்த காய். தண்ணீர் போதாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் அடைப்பு இன்னும் இறுகும் என்று எச்சரித்திருந்தார்கள். தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றுகிற திசையில் மெதுவாக வயிற்றைத் தடவிவிடுவது. தினமும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்து நிற்கவைப்பது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பது. கணக்கு எழுதுவது எனக்குப் பழகிய வேலை என்பதால் அந்த நோட்டு என் பொறுப்பு.

நான்கு மாதத்தில் பிள்ளை ராத்திரி அழுவது நின்றது. நன்றாகச் சாப்பிட்டு எடை கூடியது. விறைப்புகூடக் குறைந்தது. நடை வந்துவிடவில்லை, பேச்சும் வரவில்லை. அதை யாரும் வாக்களிக்கவும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் தூங்க ஆரம்பித்தார்கள்.

நாடும் மெல்ல மாறித்தான் வந்திருக்கிறது. தன் மகளுக்குப் பள்ளி கிடைக்காத மிது அலூர் என்ற அம்மையார் 1972-ல் பம்பாயில் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1981-ல் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 1985-ல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கியது இன்று வித்யாசாகர். 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதன் கீழ் நிராமயா என்ற காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. 2016-ன் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று.

விளக்கெண்ணெய் மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணுக்கு மை கூட்டவும் குதிகால் வெடிப்புக்குத் தடவவும் இன்றும் வீட்டில் ஒரு குப்பி இருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில், உறவில், கைகால் விறைத்த ஒரு பிள்ளை இருந்தால், அந்த வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். அழுகைக்குக் காரணம் தெரியவில்லை என்றால் வயிற்றை டாக்டரிடம் காட்டுங்கள். மூக்கைப் பிடித்து வாயில் எதையும், முக்கியமாக எண்ணெயை, ஊற்றாதீர்கள்.

எங்கள் வீட்டுச் சங்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளி, விளிம்பில் ஒரு நெளிசல். தம்பி கடித்தது. பாத்திரக் கணக்கில் பாகம் பிரித்தபோது வேறு எதுவும் வேண்டாம், அது மட்டும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போது ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.